‘சாட்டர்னைன்’ என்று எழுதியிருக்கிறார். இது திட்டா, பாராட்டா?

இரவுப்பணி:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் பத்து பெரிங்கி பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் ராத்திரி கவுண்டரில் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்திலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்து தங்கிவிட்டு ஊர் திரும்பினார்கள். போனதும் அவர் ஹோட்டலைப் பற்றி இணையத்தில் நீளமாக எழுதியிருக்கிறார். குளியலறைக் குழாய், காலை நாசி லெமாக், கடல் நிறம் என்று எல்லாம் வருகிறது. நடுவில் நானும் வருகிறேன். பெயர் போடவில்லை, ஆனால் ராத்திரி கவுண்டரில் இருக்கிற ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். அந்த மனிதர் ‘சாட்டர்னைன்’ என்று இருக்கிறது.

மேலாளர் அதைக் காலைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார். யாருக்கும் பொருள் தெரியவில்லை. வரவேற்பில் இருக்கும் பெண் கைப்பேசியில் தட்டி மலாயில் மாற்றினாள். ‘முராம்’ என்று வந்தது. முகம் இருண்டவன், களையில்லாதவன். அத்தனை பேரும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சரிதான் என்பது போல இரண்டு பேர் தலையாட்டியதையும் பார்த்தேன். “இனிமேல் விருந்தாளிகளிடம் கொஞ்சம் சிரியுங்கள்” என்றார் மேலாளர்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், அம்மா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். “சாட்டர்ன் என்றால் சனிதானே? உனக்கு ஏழரை நடக்கிறது வெள்ளைக்காரன் வரைக்கும் தெரிந்துவிட்டதா?” சனிக்கிழமை எள் விளக்குப் போட ஆள் தயார்.

அகராதிச் செயலியில் மூன்று பொருள் போட்டிருக்கிறது. ஒன்று, இறுகிய முகமும் சிரிக்காத சுபாவமும். இரண்டு, மெதுவாக அசைகிற மனசு. மூன்றாவது ஈய நஞ்சால் வரும் நோய்! முகத்துக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம்? விருந்தாளிக்குப் பதில் எழுத வேண்டியவன் நான். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா? ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாக் மண்டின் மருமகள்:

‘சனியன் பிடித்தவன்’ என்று நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார் போல. என் மாமியார் என்னை ஆங்கிலம் இல்லாமலேயே தினமும் சொல்கிறார், நான் எந்த மேலாளரிடம் போவது?

ஓய்வுபெற்ற டீச்சர், புக்கிட் மெர்தாஜம்:

தம்பி, முதலில் முழு வாக்கியத்தையும் போடுங்கள். ஒரு பெயரடையை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து பொருள் கேட்டால் அகராதி மூன்று சொல்லும், உங்கள் அம்மா நாலாவது சொல்வார்.

இரவுப்பணி:

மன்னிக்கவும் டீச்சர். ஆங்கில எழுத்து இங்கே போட முடியாததால் தமிழில் சொல்கிறேன்: “கவுண்டரில் இருந்த அந்த சாட்டர்னைன் மனிதர் ஒரு சொல்லையும் வீணாக்கவில்லை. நள்ளிரவு தாண்டி என் மனைவிக்குக் காது வலி வந்தபோது டாக்சியை வரவழைத்தார், கிளினிக்குக்கு முன்கூட்டியே பேசி வைத்தார், நாங்கள் திரும்பி வந்தபோது சுடச்சுடத் தேநீர் வைத்திருந்தார். புன்னகை மட்டும் கிடைக்கவில்லை. அது எங்களுக்குத் தேவைப்படவும் இல்லை.”

ஓய்வுபெற்ற டீச்சர், புக்கிட் மெர்தாஜம்:

இதைப் படித்துவிட்டா உங்களைச் சிரிக்கச் சொன்னார்கள்? அந்தக் கூட்டத்தில் கடைசி வாக்கியம் வரைக்கும் யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

இது திட்டே இல்லை. முகவர்ணனை, அவ்வளவுதான். பேச்சு குறைவு, முகத்தில் இருள் படிந்த ஒரு கனம், சட்டென்று எதற்கும் அசையாத சுபாவம், எல்லாம் சேர்ந்த ஆளைத்தான் ஆங்கிலத்தில் சாட்டர்னைன் என்பார்கள். உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில். கடைசி அசை எண் ஒன்பதைச் சொல்வது போல ‘நைன்’. நாயைச் சேர்ந்தது ‘கேனைன்’, பூனையைச் சேர்ந்தது ‘ஃபீலைன்’ என்று எப்படி வருகிறதோ அதே விகுதிதான் இங்கேயும். சாட்டர்னைச் சேர்ந்தது. லத்தீனில் ‘சாட்டுர்னீனுஸ்’, பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது.

உங்கள் அம்மா சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். சாட்டர்ன் சனிதான், சொல்லின் வேரும் ஜோசியத்தில்தான் இருக்கிறது. பழைய ஐரோப்பாவிலும் பிறந்த நேரத்தில் எந்தக் கிரகம் ஓங்கியிருந்ததோ அதன் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பினார்கள். வியாழனுக்கு லத்தீனில் ஜோவ் என்றும் பெயர். அந்தக் கிரகத்தில் பிறந்தவன் ‘ஜோவியல்’, கலகலப்பானவன். புதனில் பிறந்தவன் ‘மெர்க்கூரியல்’, நிமிஷத்துக்கு ஒரு புத்தி. செவ்வாய் ‘மார்ஷியல்’, சண்டைக்காரன். சந்திரன் தலைக்கேறினால் ‘லூனடிக்’. இத்தனை பேரையும் வகுப்பில் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு லூனடிக் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

சனிக்கு ஏன் இருண்ட முகம் வந்தது என்று கேட்டால் அதற்கும் வைத்தியத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நாம் வாதம், பித்தம், கபம் என்று மூன்று சொல்கிறோம் அல்லவா, கிரேக்க வைத்தியத்தில் நான்கு: ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். கரும்பித்தம் மிஞ்சினால் துயரம் பிடிக்கும் என்றார்கள். ‘மெலன்கலி’ என்ற சொல்லே கிரேக்கத்தில் கரும்பித்தம்தான். குளிர்ச்சி, வறட்சி, கருமை ஆகிய மூன்றும் சனியின் குணம் என்பதால் கரும்பித்தத்தைச் சனியின் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்த கிரகங்களில் அது கடைசி, சூரியனுக்கு வெகு தூரம்; அதனால் குளிர் என்பதும் பொருந்திப் போனது.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சாட்டர்ன் என்ற ரோமானியத் தெய்வம் அழுமூஞ்சித் தெய்வமே அல்ல. விதைப்புக்கும் விளைச்சலுக்கும் உரிய சாமி. அவர் ஆண்ட காலம் பொற்காலம், யாருக்கும் பசியில்லை என்பது ரோமானியர் நம்பிக்கை. ரோம அரசின் கருவூலமே அவர் கோவிலில்தான் இருந்தது. டிசம்பர் 17-இல் அவருக்குத் திருவிழா தொடங்கும், பெயர் சாட்டர்னாலியா. பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் விடுமுறை, சூதாட்டத்துக்கு அனுமதி, எஜமானர்கள் அடிமைகளுக்குப் பந்தி பரிமாறுவார்கள். ஆகவே ஆங்கிலத்தில் இன்றும் ‘சாட்டர்னாலியன்’ என்றால் கட்டுக்கடங்காத கும்மாளம், ‘சாட்டர்னைன்’ என்றால் நீங்கள். ஒரே பெயரிலிருந்து கிளம்பி இரண்டும் எதிரெதிராகப் போய்விட்டன. முதலாவது சாமியின் வழி, இரண்டாவது கிரகத்தின் வழி. மேலாளரிடம் அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், பொழுது போகும்.

ஈயக் கதை எனக்குத் தெரிந்த வரைக்கும் ரசவாதிகளிடமிருந்து வந்தது. அதை விவரமாகச் சொல்ல இங்கே வேறு ஆள் உண்டு.

பழைய அச்சுக்காரன்:

டீச்சர் என்னைத்தான் கூப்பிடுகிறார். வருகிறேன்.

கணினி வருவதற்கு முன் ஜார்ஜ்டவுனில் ஒரு சின்னத் தமிழ் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழா நோட்டீஸ், கருமாதி அட்டை. எழுத்து எல்லாம் ஈய எழுத்து. ஈயத்தோடு ஆன்டிமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் கலந்து வார்ப்பார்கள். வெறும் ஈயம் மெத்தென்று இருக்கும், நாலு தடவை அழுத்தினால் முகம் மழுங்கிவிடும். தமிழுக்குக் கட்டைப் பெட்டியில் அறைகள் எக்கச்சக்கம், கொம்பும் காலும் தனித்தனி. நாள் முழுக்க அதைப் பொறுக்கிய விரலோடு ஒரு வாழைப்பழத்தைக்கூடத் தொட விடமாட்டார் எங்கள் முதலாளி. கை கழுவினாயா, நகம் கழுவினாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தேய்ந்த எழுத்தை உருக்குகிற நாளில் பையன்களை வெளியே அனுப்பிவிடுவார்.

ஈயம் உடம்பில் ஏறினால் வயிறு முறுக்கி வலிக்கும், மலம் கட்டும், முகம் வெளுக்கும், ஈறில் நீலக்கோடு விழும், நாளாக நாளாக மணிக்கட்டு தொங்கிப்போகும். ஆள் எரிச்சலும் சோர்வுமாக ஆகிவிடுவான். இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்த பழைய பெயர் ‘சாட்டர்னிசம்’. ஈயம் சிறுநீரகத்தைக் கெடுத்து யூரிக் அமிலத்தை வெளியேற விடாமல் செய்வதால் கௌட் என்கிற மூட்டு வீக்கம் வரும்; அதற்கு ‘சாட்டர்னைன் கௌட்’ என்று பெயர். இது இன்றைக்கும் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரபுக்கள் குடித்த சாராயத்தில் ஈயம் கலந்திருந்தது அவர்கள் கால்வீக்கத்துக்கு ஒரு காரணம் என்பார்கள்.

ஏன் சனி பெயர்? ரசவாதிகள் ஏழு கிரகத்துக்கும் ஏழு உலோகம் பங்கு வைத்தார்கள். சூரியன் தங்கம், சந்திரன் வெள்ளி, புதன் பாதரசம், சுக்கிரன் செம்பு, செவ்வாய் இரும்பு, வியாழன் வெள்ளீயம், சனி ஈயம். கனம், கருப்பு, மெத்தனம். பாதரசத்துக்கு ஆங்கிலத்தில் ‘மெர்க்குரி’ என்றே பெயர் நிலைத்துவிட்டதைப் பாருங்கள், அது அந்தப் பங்கீட்டின் மிச்சம்தான். நோய்க்குப் பெயர் வந்தது உலோகத்திலிருந்து, முகத்துக்குப் பெயர் வந்தது ஜாதகத்திலிருந்து. தம்பியின் அகராதியில் இரண்டும் ஒரே இடத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

நம் ஊர்க்காரர்களுக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இங்கே ‘ஈயச் சுரங்கம்’ என்று ஈப்போ பக்கம் தோண்டினார்களே, டத்தோ கெராமட் சாலையில் உருக்கினார்களே, அது வெள்ளீயம். வியாழனுடையது. எழுத்து வார்க்கிற ஈயம் காரீயம், கருப்பு ஈயம். தமிழில் இரண்டையும் ஈயம் என்று சொல்லி முன்னால் வெள்ளையும் கருப்பும் ஒட்டுகிறோம். ரோமானியர்களும் அப்படியேதான்: ‘புளும்பும் நிக்ரும்’ கருப்பு, ‘புளும்பும் ஆல்பும்’ வெள்ளை. பிளம்பர் என்று நாம் கூப்பிடுகிறவரின் பெயரும் அந்த ஈயத்திலிருந்துதான் வந்தது. பழைய குழாயெல்லாம் ஈயம்.

பஞ்சாங்கம்:

சனி பகவானை இத்தனை பேர் சேர்ந்து வெள்ளைக்காரர் கையில் கொடுத்துவிட்டீர்கள், நானும் இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்.

அவரை நம்மவர்களும் மந்தன் என்றுதான் சொன்னார்கள். வடமொழியில் ‘சனைச்சரன்’, மெல்ல நடப்பவன். சனீஸ்வரன் என்று நாம் ஈஸ்வரப் பட்டம் கட்டியது அந்தச் சொல் திரிந்துதான். சூரியனைச் சுற்றி வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ஒரு வீட்டுக்கு இரண்டரை வருஷம். உங்கள் ராசிக்கு முன் வீடு, உங்கள் வீடு, பின் வீடு, மூன்றையும் கூட்டினால் ஏழரை. ‘முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை’ என்று பெரியவர்கள் சொல்வது இந்த ஒரு சுற்றை வைத்துத்தான்.

அந்த ஆங்கிலச் சொல்லில் ‘மெதுவாக அசைகிறவன்’ என்ற பொருளும் இருக்கிறதென்று தம்பி எழுதியதும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. இரண்டு ஜோசியமும் ஒட்டுறவு உள்ளவைதான். நாம் பஞ்சாங்கத்தில் ‘சனி ஓரை’ என்று பார்க்கிறோமே, அந்த ‘ஹோரா’ கிரேக்கச் சொல். ‘யவன ஜாதகம்’ என்றே வடமொழியில் ஒரு நூல் உண்டு. கிழமை வரிசை ரோமிலும் இதேதான், சனிக்கிழமை அவர்களுக்கும் சாட்டர்ன் கிழமைதான்.

ஆனால் சனியைக் கருப்பாகப் பார்ப்பதற்குத் தமிழன் யாரிடமும் கடன் வாங்கியதாக எனக்குப் படவில்லை. புறநானூறு 117-இல் கபிலர் பாரியின் பறம்பு நாட்டைப் பாடும்போது ‘மைம்மீன் புகையினும்’ என்று தொடங்குகிறார். மைம்மீன் சனி, மை போலக் கருத்த மீன். அது புகைந்தாலும், வால்வெள்ளி தோன்றினாலும், வெள்ளி தெற்கே போனாலும் பாரியின் நாட்டில் வயல் விளையும், பெய்ய வேண்டிய மழை பெய்யும் என்கிறார். பழைய நிகண்டுப் பெயர் காரி. அச்சுக்காரர் சொன்ன காரீயத்திலும் அதே கார்தான் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டு யாரும் புதுக்கதை கட்டிவிடாதீர்கள், கருப்பாக இருந்ததால் கருப்பு என்றார்கள், அவ்வளவுதான். எங்கள் சாஸ்திரத்தில் சனிக்கு உலோகம் இரும்பு, ஈயம் அல்ல.

ஒரு குறை மட்டும் சொல்வேன். நம்மிடம் சனிக்கு இரண்டு கை. ‘சனியைப் போலக் கொடுப்பவனும் இல்லை, கெடுப்பவனும் இல்லை’ என்போம். ஆங்கிலத்தில் கெடுக்கிற கையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர், புக்கிட் மெர்தாஜம்:

பஞ்சாங்கம் ஐயா, முழுக்க அப்படி அல்ல. 1433-இல் பிறந்த மார்சிலியோ ஃபிசினோ என்ற ஃபிளாரன்ஸ் அறிஞர் தன் ஜாதகத்தில் சனி பலமாக உட்கார்ந்திருப்பதை எண்ணி நண்பருக்குக் கடிதமெழுதிப் புலம்பியவர். பிறகு அவரே 1489-இல் வெளியிட்ட புத்தகத்தில், ஆழ்ந்து சிந்திக்கிறவர்களுக்குச் சனிதான் துணை என்று எழுதினார். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் சோர்ந்த முகம் அறிவாளியின் முகமாகவும் மாறிவிட்டது. சிந்தனையில் மூழ்கிய ஆளுக்கும் சாட்டர்னைன் பொருந்துவது அந்த வழியில்தான். கொடுக்கிற கை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மாக் மண்டின் மருமகள்:

டீச்சர், இதைப் பெண்களுக்கும் சொல்லலாமா? கட்டுரையில் போடலாமா? மகள் இந்த வருஷம் எஸ்பிஎம் பரீட்சை எழுதுகிறாள்.

ஓய்வுபெற்ற டீச்சர், புக்கிட் மெர்தாஜம்:

இலக்கணத் தடை எதுவும் இல்லை, ஆனால் வழக்கத்தில் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். கதை எழுதுகிறவர்கள் ஒல்லியான, கறுத்த புருவமுள்ள, பாதிச் சிரிப்பு சிரிக்கிற ஆண் வந்தாலே இந்தச் சொல்லை எடுத்துவிடுவார்கள். ஆளுக்குச் சொல்லலாம், முகத்துக்கு, பார்வைக்கு, சிரிப்புக்கு, நகைச்சுவைக்குச் சொல்லலாம். வானிலைக்குச் சொல்லக் கூடாது. மழை பெய்கிறது, இன்றைக்கு எனக்கு சாட்டர்னைனாக இருக்கிறது என்று எழுதினால் தவறு. அன்றாட மனநிலைக்கு ‘குளூமி’ போதும், இது ஆளின் நிரந்தரச் சுபாவம். சும்மா கோபக்காரருக்கும் இது பொருந்தாது. கோபக்காரர் சத்தம் போடுவார், இவர் போடமாட்டார்.

எஸ்பிஎம் கட்டுரையில் வேண்டாம். மகளைப் படிக்கச் சொல்லுங்கள், எழுதச் சொல்லாதீர்கள். அகராதியில் கண்டெடுத்த சொல்லை ஒட்டவைத்த கட்டுரை பட்டுச்சேலைக்கு ரப்பர் செருப்பு போட்டது போல் தனியாகத் தெரியும். விடைத்தாள் திருத்திய காலத்தில் நான் அங்கேதான் சிவப்புக்கோடு போடுவேன்.

இரவுப்பணி:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் மைம்மீன் வரைக்கும் படித்துக் காட்டினேன். பாரி கதையைக் கேட்டுவிட்டு, “சரி, எதற்கும் விளக்கு போட்டுவிடுகிறேன்” என்றார்.

விருந்தாளிக்கு இப்படிப் பதில் எழுதியிருக்கிறேன், ஆங்கிலத்தில்: ‘உங்கள் துணைவியாரின் காது இப்போது எப்படி இருக்கிறது? நீங்கள் குறிப்பிட்ட சாட்டர்னைன் மனிதன் நான்தான். எங்களைப் பற்றி எழுதியதற்கு நன்றி. புன்னகை விஷயத்தில் எங்கள் சேவையில் ஏற்பட்ட குறைபாட்டுக்கு வருந்துகிறோம்.’ மேலாளர் சரி என்றுவிட்டார். டீச்சர் ஒருமுறை பார்த்துச் சொன்னால் அனுப்பிவிடுவேன்.

ஓய்வுபெற்ற டீச்சர், புக்கிட் மெர்தாஜம்:

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அவர் தேவைப்படவில்லை என்று எழுதியிருக்கிறார், நீங்கள் எதற்கு வருந்துகிறீர்கள்? முதல் வாக்கியம் அருமை, அதைத் தொடாதீர்கள். மீதி அப்படியே போகலாம்.